ஹெல்டிரைவர் பார்க்கப் போகிறவருக்கு: ஜப்பானிய ஜாம்பிப் படங்களுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

யோஷிஹிரோ நிஷிமுரா 2010ஆம் ஆண்டில் இயக்கிய 'ஹெல்டிரைவர்' என்னும் ஜப்பானியப் படத்தில், கிகா என்ற பள்ளி மாணவி, தன் நெஞ்சில் பொருத்தப்பட்ட இயந்திர இதயத்தின் விசையால் ஓடும் சங்கிலி ரம்ப வாளை ஏந்திக்கொண்டு, நாட்டின் வடபாதியை நிறைத்துவிட்ட ஜாம்பிகளை (மனிதரைத் தாக்கும் நடைபிணங்களை) வெட்டிச் சாய்த்தபடி, அவற்றின் அரசியாகிவிட்ட தன் தாயைத் தேடிச் செல்கிறாள். இந்தக் கதைச் சுருக்கத்தைக் கேட்டு ஆர்வம் கொள்கிறவர்களும் உண்டு, முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. ஆர்வத்தோடு உட்கார்ந்தவர்களிலும் பலர் முதல் இருபது நிமிடங்களுக்குள் எழுந்துவிடுகிறார்கள். படத்தில் ரத்தம் அதிகம் என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. எந்த எதிர்பார்ப்போடு, எந்தப் படங்களுக்குப் பிறகு, எதைக் கவனித்தபடி பார்ப்பது என்பது தெரியாமல் நேராக உள்ளே குதித்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

இவ்வகைப் படங்களை ஒருமுறைகூடப் பார்க்காதவர், 'ஹெல்டிரைவர்' வரை எப்படி வந்து சேரலாம், வந்தபின் அதை எப்படிப் பார்க்கலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன். கதையின் தொடக்கச் சூழல் இங்கே சொல்லப்படும், முடிவு சொல்லப்படாது.

முதல் படி: வயதும் வயிறும்

ஜப்பானில் திரைப்படங்களுக்குத் தரச்சான்று வழங்கும் எய்ரின் என்னும் அமைப்பு ஜி, பிஜி12, ஆர்15+, ஆர்18+ என நான்கு பிரிவுகளை வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கப் போகும் எந்த ஜப்பானியப் படத்துக்கும் இக்குறியைத் தேடிப் பாருங்கள். அங்கே பதினைந்து வயதினருக்கு அனுமதிக்கப்பட்ட படம் நம்மூர் தணிக்கையில் 'ஏ' சான்று பெறக்கூடிய அளவுக்குக் கடுமையானதாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 'ஹெல்டிரைவர்' படத்தைப் பொறுத்தவரை, பதினெட்டு வயது நிறையாத எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக் கூடத்தில் எல்லோரும் அமர்ந்திருக்கும்போது ஓடவிடுவதற்கும், சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பதற்கும் இது ஏற்றதன்று.

அறுபடும் கைகால்களும் பீறிடும் ரத்தமும் எவ்வளவு என்பதை முன்னோட்டக் காட்சியைப் பார்த்தாலே கணித்துவிடலாம். ஆனால் முன்னோட்டம் உணர்த்தாத ஒன்று இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் கிகாவின் தாய் ரிக்கா, ஜாம்பியாக மாறுவதற்கு முன்பே, மனிதப் பெண்ணாகவே தன் குடும்பத்துக்கு இழைக்கும் கொடுமைகள் பின்னால் வரும் ஆயிரம் வெட்டுகளைவிட அதிகமாக உறுத்தும். குடும்ப வன்முறைக் காட்சிகளைத் தாங்கிக்கொள்ள இயலாதவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. தாங்க இயலாது என்று முடிவெடுத்தால், கீழே சொல்லப்போகும் மற்ற இரண்டு படங்களோடு நிறுத்திக்கொள்வதிலும் நட்டமொன்றும் இல்லை.

இரண்டாம் படி: பேய்ப்பட எதிர்பார்ப்பைக் கழற்றி வைப்பது

ஜப்பானியத் திகில்படம் என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, நீண்ட கருங்கூந்தலால் முகத்தை மறைத்துக்கொண்டு வெள்ளுடையில் ஊர்ந்து வரும் பெண் பேய்தான். 1998இல் ஹிடேயோ நகாதா இயக்கிய 'ரிங்கு' படம் உலகெங்கும் பரப்பிய அந்த உருவத்துக்குப் பின்னால் நீண்ட மரபு ஒன்று இருக்கிறது. கணவனால் வஞ்சிக்கப்பட்டு முகம் சிதைந்து இறந்து, பழிவாங்கத் திரும்பும் ஓய்வா என்னும் பெண்ணின் கதை 1825ஆம் ஆண்டிலேயே கபுகி என்னும் ஜப்பானிய மரபு மேடையில் நாடகமாக நடிக்கப்பட்டது. அந்தப் பேய்களுக்கு ஒரு பெயர் உண்டு, தீராத மனக்குறை உண்டு, குறிவைத்த ஆள் உண்டு. அவை அமைதியாக வரும். நம்மைக் காத்திருக்க வைத்தே பயமுறுத்தும்.

ஜாம்பி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதற்குப் பெயரும் இல்லை, மனக்குறையும் இல்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு. அது ஜப்பானுக்கு வெளியிலிருந்து, முதன்மையாக ஜார்ஜ் ரொமீரோவின் அமெரிக்கப் படங்கள் வழியாக வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் அதற்கு ஒரு சிக்கலும் காத்திருந்தது. இறந்தவர்களை ஏறத்தாழ முழுமையாகவே எரியூட்டும் வழக்கம் கொண்ட நாட்டில், கல்லறையைப் பிளந்துகொண்டு எழுவதற்குப் பிணம் ஏது? ஆகவே ஜப்பானியக் கதைகளில் ஜாம்பி பெரும்பாலும் மண்ணுக்குள்ளிருந்து எழுவதில்லை. தொற்றாலோ, ஆய்வுக்கூட விபத்தாலோ, வானத்திலிருந்து விழும் ஏதோ ஒன்றாலோ உயிரோடிருப்பவரே மாறிப்போகிறார். 1996இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'பயோஹஸார்டு' என்னும் வீடியோ விளையாட்டு இந்தத் தொற்றுக் கதையை ஜப்பானிய இளைஞர்களிடையே நிலைநிறுத்தியது. மற்ற நாடுகளில் 'ரெசிடென்ட் ஈவில்' என்று அறியப்படுவது அதுவே.

விளையாட்டு வழியாக ஜாம்பியை அறிந்த தலைமுறைக்கு, ஓடி ஒளிவதைவிடச் சுட்டு வீழ்த்துவதும் அடுத்த கட்டத்துக்குப் போவதும்தான் இயல்பாக வரும். 'ஹெல்டிரைவர்' போன்ற படங்களில் சண்டைகள் கட்டம் கட்டமாக, ஒன்றைவிட மற்றொன்று விசித்திரமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெரும்பகைவனோடு அமைந்திருப்பதைக் காணும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பயத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம் உறுதி. அடுத்து எதை எப்படிச் செய்து காட்டப்போகிறார்கள் என்ற ஆவலோடு உட்கார வேண்டும்.

மூன்றாம் படி: கண்ணைப் பழக்கும் இரண்டு படங்கள்

முதலில் பார்க்க வேண்டியது, ஷினிச்சிரோ உவேதா இயக்கிய 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. 2017இல் உருவாகி, 2018இல் தோக்கியோவின் இரண்டே திரையரங்குகளில் வெளியான இப்படம் வாய்வழிப் பாராட்டாலேயே நாடெங்கும் பரவியது. நடிப்புப் பயிற்சிப் பட்டறை ஒன்றிலிருந்து வந்த, பெயர் தெரியாத நடிகர்களை வைத்து ஏறத்தாழ முப்பது லட்சம் யென் செலவில் எடுக்கப்பட்ட படம் முந்நூறு கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. முதல் 37 நிமிடங்கள் வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாக ஓடும். அந்த 37 நிமிடங்கள் சற்றுத் தடுமாற்றமாகவும், சில இடங்களில் அபத்தமாகவும் தோன்றும், தோன்றட்டும். எக்காரணம் கொண்டும் அங்கே நிறுத்திவிடாதீர்கள். படத்தைப் பற்றி முன்கூட்டி எதையும் படிக்காதீர்கள், நான் சொன்ன இதற்கு மேல் எவரிடமும் கேட்காதீர்கள்.

பள்ளி மாணவியோ சங்கிலி ரம்பமோ இல்லாத இப்படத்தை முதலில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அறுபட்ட கை ஒன்று திரையில் தோன்றுவதற்குப் பின்னால் எத்தனை பேர், எந்த மூலையில், என்ன பாடுபடுகிறார்கள் என்ற எண்ணத்தை இப்படம் உங்களுக்குள் விதைத்துவிடும். அந்த எண்ணம் வந்துவிட்டால், பிறகு எந்த ரத்தக் காட்சியைக் கண்டாலும் அருவருப்போடு சேர்ந்து ஒரு கேள்வியும் எழும்: இதை எப்படிச் செய்தார்கள்? இவ்வகைப் படங்களை ரசிப்பதற்கு அந்தக் கேள்வி அவசியம்.

இரண்டாவது படம், கெங்கோ ஹனசாவாவின் மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையைத் தழுவி ஷின்சுகே சாட்டோ இயக்கிய 'ஐ ஆம் எ ஹீரோ'. ஜப்பானில் 2016இல் வெளியான இது பெரிய நிறுவனத் தயாரிப்பு. மற்ற இரண்டையும்விட மெருகானது. உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தும் அதை நீட்டக்கூடத் தயங்கும், முப்பதைத் தாண்டிய மாங்கா உதவி ஓவியர் ஒருவர், ஹிரோமி என்னும் பள்ளி மாணவியோடு தப்பி ஓடுகிறார். அந்த மாணவியோ பாதி தொற்றுக்கு ஆளானவள். ஜாம்பிகள் தாங்கள் உயிரோடிருந்தபோது அன்றாடம் சொன்ன சொற்களையே திரும்பத் திரும்ப முணுமுணுப்பதும், தொடக்கத்தில் சாதாரணத் தெரு ஒன்று சில நிமிடங்களுக்குள் கலவர பூமியாவதும் இப்படத்தின் சிறந்த பகுதிகள். இறுதிச் சண்டை நிகழும் வணிக வளாகத்தைத் தென்கொரியாவில் மூடிக்கிடந்த ஒரு வளாகத்தில் படமாக்கினார்கள். மெருகான, செலவு செய்து எடுத்த ரத்தம் எப்படி இருக்கும் என்பதை இங்கே பார்த்துவிட்டால், நிஷிமுராவின் ரத்தம் எவ்வளவு வேண்டுமென்றே செயற்கையானது என்பது புலப்படும்.

நான்காம் படி: சரியான பிரதியைத் தெரிந்தெடுப்பது

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடுவது. நீங்கள் வாங்கும் டிவிடி போன்ற வட்டிலோ வாடகைக்கு எடுக்கும் தளத்திலோ குறிப்பிடப்பட்டிருக்கும் நேரம் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் அது வெட்டப்பட்ட பதிப்பு என்று கொள்ளலாம். ஜப்பானிய ஒலியும் ஆங்கிலத் துணைவரிகளும் கொண்ட பதிப்பையே தேடுங்கள். டப்பிங்கில் நடிகர்களின் அலறலும் உறுமலும் வேறு குரல்களாகிவிடுவதால் பாதி வேடிக்கை போய்விடுகிறது. வசனம் குறைவான படமாகையால் துணைவரி படிப்பது சுமையாக இராது. திருட்டுப் பிரதிகளில் படம் மங்கலாகவும் இருளாகவும் இருப்பது வழக்கம். ஒப்பனையின் நுணுக்கத்தைக் காண்பதற்காகவே பார்க்கும் படத்தை அப்படிப் பார்ப்பதில் பொருளே இல்லை. கைப்பேசித் திரையையும் தவிர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் முறை பார்த்தல்

படத்தின் அமைப்பை முன்கூட்டி அறிந்துகொண்டால் பொறுமை மிஞ்சும். தொடக்கப் பகுதியில் விண்கல் ஒன்று விழுந்து ரிக்காவின் நெஞ்சைத் துளைத்துச் செல்கிறது. இதயம் இழந்த அவள் தன் மகளின் இதயத்தைப் பிடுங்கித் தனக்குள் வைத்துக்கொள்கிறாள். அதன்பின் பரவும் சாம்பல் நாட்டின் வடபாதி மக்களை நெற்றியில் கொம்பு முளைத்த ஜாம்பிகளாக்குகிறது. அரசு நாட்டின் குறுக்கே ஒரு மதிலை எழுப்பி வடக்கைத் துண்டித்துவிடுகிறது. கிகாவுக்கு இயந்திர இதயம் பொருத்தப்பட்டு, மதிலுக்கு அப்பால் சென்று ஜாம்பி அரசியை வீழ்த்தும் பணி தரப்படுகிறது.

இவ்வளவும் நடந்து முடிந்து, படம் தொடங்கி ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கழித்தே படத்தின் பெயர் திரையில் வரும். பெயர் வருவதற்கு முன்பு உள்ளதைத் தாறுமாறான முன்கதையாகவும், பின்பு வருவதை வடக்கு நோக்கிய நெடும்பயணமாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். முன்பகுதியில் காலம் முன்னும் பின்னும் தாவும். யார் எப்போது என்ன ஆனார் என்பது உடனே விளங்காவிட்டால் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டாம், பெயர் வருவதற்குள் எல்லாம் விளங்கிவிடும். ஒரே அமர்வில் பார்க்க இயலாதவர்கள் பெயர் தோன்றும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம்.

நெடும்பயணப் பகுதியில், டாக்கு என்னும் இளைஞனும் வாய் பேசாத சிறுவன் ஒருவனும் கிகாவோடு சேர்ந்துகொள்கிறார்கள். உடல் உறுப்புகளால் கட்டப்பட்ட வாகனத்தோடு நடக்கும் துரத்தல், பல கைகளிலும் ஆயுதம் ஏந்திய ஜாம்பி, பல உடல்கள் ஒட்டிச் சேர்ந்த பேருரு என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். இறுதி அரைமணி நேரத்தில் எனக்கே சலிப்புத் தட்டுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கற்பனையும் தனித்தனியே பார்க்கும்போது அசத்துகிறது, அடுத்தடுத்து வரும்போது கண் மரத்துவிடுகிறது. நிஷிமுரா தன் கற்பனையில் எதையும் வெட்டி எறிய மனம் வராதவர். அவரது பலமும் பலவீனமும் அதுவே.

ஆறாம் படி: ரத்தத்தையும் கொம்பையும் கவனித்தல்

நிஷிமுரா இயக்குநராக அறியப்படுவதற்கு முன்பே சிறப்பு ஒப்பனைக் கலைஞராக அறியப்பட்டவர். ஷியோன் சோனோ, நோபோரு இகுச்சி ஆகியோரின் படங்களில் உடல்களைச் சிதைத்துக் காட்டிய கைகள் அவருடையவை. 1995இல் அவர் எடுத்த 'அனாடொமியா எக்ஸ்டிங்க்ஷன்' என்னும் சிறிய படம் ஹொக்கைடோவின் யூபாரி நகரில் நடக்கும் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அதன் கருவை விரித்தே 2008இல் 'தோக்கியோ கோர் போலீஸ்' படத்தை எடுத்தார். ஆகையால், இவர் படத்தில் கதை மெலிந்திருக்கும் இடங்களிலும் ஒப்பனை மெலிந்திருப்பதில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு அதை மட்டுமே பின்தொடருங்கள்.

முதலில் ஜாம்பிகளின் நெற்றியைப் பாருங்கள். கிளைவிட்ட கொம்பு ஒவ்வொரு ஜாம்பிக்கும் உண்டு. அதை வெட்டினால்தான் அது வீழும். தலையில் சுட்டால் சாகும் என்ற அமெரிக்க விதியை மாற்றி, கண்ணுக்குத் தெரியும் ஓர் இலக்கை வெளியே முளைக்க வைத்ததால், வாள்சண்டைக்கு வேண்டிய வெட்டுக்கோடு ஒவ்வொரு நெற்றியிலும் தயாராக இருக்கிறது. கூட்டத்தில் எது ஜாம்பி, எது மனிதர் என்பதும் நொடியில் விளங்கிவிடுகிறது. அந்தக் கொம்பைப் பொடித்துப் போதைப் பொருளாக விற்கும் கள்ளச்சந்தை ஒன்றையும் கதைக்குள் வைத்திருப்பதால், மதிலைத் தாண்டி மனிதர்கள் போவதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஒப்பனைக் கலைஞரின் மூளையில் பிறந்த கதை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இத்தகைய முக ஒப்பனை எவ்வாறு உருவாகிறது என்று தெரிந்திருந்தால் பார்க்கும் சுவை கூடும். நடிகரின் முகத்தில் விரைவில் இறுகும் பசையைப் பூசி அச்செடுத்து, அதிலிருந்து சுண்ணச் சாந்தில் முகப்படி ஒன்றை வார்ப்பார்கள். அதன்மேல் களிமண்ணால் புண்ணையும் புடைப்பையும் கொம்பின் அடியையும் செதுக்குவார்கள். செதுக்கியதற்கு மறு அச்செடுத்து, லேடெக்ஸ் அல்லது சிலிக்கோன் ஊற்றி மெல்லிய தோல் போன்ற துண்டுகளாக்கி, நடிகரின் முகத்தில் ஒட்டி, விளிம்புகள் தெரியாதவாறு வண்ணம் தீட்டுவார்கள். இது மணிக்கணக்கில் ஆகும் வேலை. ஆகவே இவ்வகைப் படங்களில் கேமராவுக்கு அருகில் வருபவர்களுக்கு முழு ஒப்பனையும், பின்வரிசையில் நிற்பவர்களுக்கு எளிய முகமூடியும் பூச்சும் என்று பிரித்துச் செய்வது பொதுவான வழக்கம். கூட்டக் காட்சி ஒன்றில் படத்தை நிறுத்தி, முன்வரிசையையும் பின்வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, ரத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். வெட்டு விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, உடைக்குள் மறைந்து ஒரு குழாய் ஓடும். அதன் மறுமுனை அழுத்தக் கருவியோடு இணைக்கப்பட்டிருக்கும். வாள் கடந்து செல்லும் கணத்தில் படத்தொகுப்பில் ஒரு வெட்டு, அடுத்த ஷாட்டில் நடிகருக்குப் பதிலாக தலையற்ற பொம்மை உடல், அதன் கழுத்திலிருந்து பீறிடல் என்பது அடிப்படைச் சூத்திரம். மனித உடலில் இருப்பதோ சுமார் ஐந்து லிட்டர் ரத்தம்; நிஷிமுராவின் ஒரே கழுத்திலிருந்து அதைவிடப் பல மடங்கு வெளியேறும். அது கெட்டியாக வழிவதில்லை, தண்ணீர் போல மெலிந்து விசிறியாகத் தெறிக்கிறது. உயரமும் பரப்பும் கிடைக்க வேண்டுமானால் மெலிந்த திரவமே ஏற்றது. பார்ப்பவர் அதை ரத்தம் என்று நம்ப வேண்டும் என்ற கவலை இங்கே எவருக்கும் இல்லை.

இந்த விசிறிக்கும் ஜப்பானியத் திரையில் ஒரு முன்னோடி உண்டு. அகிரா குரோசாவாவின் 'சஞ்ஜூரோ' படத்தின் இறுதியில், நெடுநேரம் அசையாமல் எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவரின் நெஞ்சிலிருந்து, ஒரே வீச்சில், கறுப்பு வெள்ளைத் திரையில் ரத்தம் ஊற்றாகப் பீறிடும். அது 1962. அந்த ஒற்றைப் பீறலை, அடுத்த பத்தாண்டில் வந்த வாள்சண்டைப் படங்கள் வண்ணத்திலும் எண்ணிக்கையிலும் பெருக்கிக்கொண்டே போயின. அவ்வரிசையின் கடைக்கோடியில் நிஷிமுரா நிற்கிறார். குரோசாவா ஒருமுறை செய்ததை அவர் முந்நூறு முறை செய்கிறார் என்று நக்கலாகவும் சொல்லலாம், மரியாதையாகவும் சொல்லலாம்.

கணினி வரைகலை எங்கே நுழைகிறது என்பதையும் கவனியுங்கள். செலவு குறைந்த படமாதலால் அந்த இடங்கள் எளிதில் தெரியும். கையால் செய்தது பத்தாண்டுகள் கடந்தும் நிற்க, கணினியில் செய்தது அப்போதே பழசாகியிருப்பதைக் காணலாம்.

ஏழாம் படி: சீருடையையும் மதிலையும் படித்தல்

சண்டையிடுபவர் ஏன் பள்ளி மாணவியாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு வரலாறு. மாலுமிக் கழுத்துப்பட்டை கொண்ட பெண்கள் சீருடை, ஐரோப்பியக் கடற்படை உடையைப் பின்பற்றி 1920களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பள்ளிகளுக்குள் வந்தது. ஒழுங்கு, அடக்கம், குழுவோடு கரைதல் ஆகியவற்றின் அடையாளமான அந்த உடையை அணிந்தபடியே ஒழுங்கை மீறும் பெண்ணைத் திரை விரைவில் கண்டுகொண்டது. யகூசா என்னும் குற்றக் கும்பலுக்குத் தலைவியாகிவிடும் மாணவியைக் காட்டும், ஷின்ஜி சோமாயின் 'சைலர் சூட் அண்டு மெஷின் கன்' 1981இல் பெருவெற்றி பெற்றது. கயிற்றில் ஏறி இறங்கும் யோயோ என்னும் விளையாட்டுப் பொருளை ஆயுதமாக வீசும் மாணவித் துப்பறிவாளர் 1985இல் தொலைக்காட்சியில் வலம் வந்தார். 2000இல் கின்ஜி ஃபுகாசாகுவின் 'பேட்டில் ராயல்' ஒரு வகுப்பு மாணவர்கள் அனைவரையுமே ஒருவரையொருவர் கொல்லும்படி தீவில் விட்டது. கிகா இந்தப் பரம்பரையில் பிறந்தவள்.

இத்துடன் வணிகக் காரணமும் உண்டு. 1912இல் தொடங்கப்பட்ட நிக்காட்சு திரைப்பட நிறுவனம், வெளிநாட்டு விழாக்களையும் வட்டுச் சந்தையையும் குறிவைத்து 2010இல் 'சுஷி டைஃபூன்' என்னும் தனி முத்திரையின்கீழ் இவ்வகைப் படங்களை எடுத்தது; 'ஹெல்டிரைவர்' அவற்றில் ஒன்று. சீருடை, வாள், ரத்தம் என்று, வெளிநாட்டு ரசிகர் ஜப்பானிடம் எதை எதிர்பார்க்கிறாரோ அதையே மிகைப்படுத்தித் தட்டில் வைத்துக் கொடுக்கும் படம் என்பதை மறந்துவிட வேண்டாம். இதைக் கொண்டு ஜப்பானியச் சமூகத்தை எடைபோட முனைவது தவறாக முடியும். மாணவி உடலைக் கேமரா எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வியும் நியாயமானதே. கிகாவைப் பெரும்பாலும் சண்டைக்காரியாகவே காட்டும் இப்படம் தன் வகையில் சற்று மேலானது என்பது என் கருத்து. முழுக்கக் குற்றமற்றது என்று வாதிட மாட்டேன்.

மதில் தொடர்பான காட்சிகளை, சண்டைகளுக்கு இடையிலான இடைவேளை என்று எண்ணி அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். ஜாம்பிகள் மனிதர்களா, அவர்களுக்கு மனித உரிமை உண்டா, உறவினர்களாகிய அவர்களைக் கொன்றொழிப்பதா, காத்திருப்பதா என்று அரசுக்குள் இரு தரப்பினர் மோதிக்கொள்கிறார்கள். வேடிக்கையாகத்தான் காட்டப்படுகிறது, ஆயினும் பேசப்படும் வாதங்கள் எந்த நாட்டின் அவையிலும் அகதிகளையோ நோயாளிகளையோ பற்றிக் கேட்கக்கூடியவை. இப்படம் எடுத்து முடிக்கப்பட்ட பிறகு, 2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. ஃபுகுஷிமா அணுவுலை விபத்தையடுத்து அதிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவுக்குட்பட்ட இடம் மக்கள் நுழையக்கூடாத பகுதியானது. சாம்பல் விழுந்த வடக்கை மூடிவைக்கும் அரசைப் பற்றிய இப்படத்தை அதன்பிறகு பார்த்தவர்களுக்கு, எடுத்தவர் நினைத்திராத ஒரு கனம் அதில் சேர்ந்துவிட்டது.

தாயாக நடித்த எய்ஹி ஷீனாவைப் பற்றியும் ஒரு சொல். தகாஷி மீகேயின் 'ஆடிஷன்' படத்தில், மெல்லிய குரலும் வெண்ணுடையுமாக வந்து பார்வையாளரை உறைய வைத்தவர் அவர். நிஷிமுராவின் 'தோக்கியோ கோர் போலீஸ்' படத்தில் ரத்தத்துக்கு நடுவே நிற்கும் நாயகியும் அவரே. இங்கே அவருடைய அசையாத முகத்துக்கும், மகளாக நடிக்கும் யூமிகோ ஹராவின் ஓயாத ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடே படத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தாயும் மகளும் ஒரே இதயத்துக்காகப் போராடுகிறார்கள் என்ற எளிய கருவை இவ்விருவரும் கேலியாக்காமல் நடித்திருக்கிறார்கள்.

எட்டாம் படி: இதற்குப் பிறகு எங்கே

ஒப்பனைக்காக ரசித்தவர்கள் அடுத்து 'தோக்கியோ கோர் போலீஸ்' பார்க்கலாம். கதையின் கட்டுக்கோப்பில் அது 'ஹெல்டிரைவர்' படத்தை விஞ்சுகிறது, வன்முறையிலும் குறைந்ததன்று. மாணவி நாயகிக்காக ரசித்தவர்களுக்கு, கையை இழந்த மாணவி அங்கே துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டு பழிவாங்கப் புறப்படும் நோபோரு இகுச்சியின் 'தி மெஷின் கேர்ள்' ஏற்றது. அதன் ரத்தமும் நிஷிமுராவின் கைவண்ணமே. நிலைமை தலைகீழானால் எப்படியிருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள், பதின்வயதுப் பெண்களே இறந்து ஜாம்பிகளாகத் திரும்பும் 'ஸ்டேசி' படத்தைத் தேடலாம். 2001இல் நாவோயுகி தோமோமாட்சு இயக்கிய அது மலிவான படந்தான். ஆனாலும் மகளைத் தன் கையாலேயே அழிக்க வேண்டிய தந்தையரின் துயரம் அதன் நடுவே எதிர்பாராமல் தலைகாட்டும்.

தேடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இதே சந்தையில், அட்டையில் சீருடைப் பெண்ணும் வாளும் ஜாம்பியும் இருக்க, உள்ளே பாலியல் காட்சிகளுக்காகவே எடுக்கப்பட்ட படங்களும் ஏராளமாக உண்டு. வாங்குவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்: இயக்குநரின் பெயரும் அவரது முந்தைய படங்களும் அட்டையில் தெளிவாக உள்ளனவா, சிறப்பு ஒப்பனையை யார் செய்தார் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா, ஏதேனும் ஒரு திரைப்பட விழாவில் திரையிடப்பட்டதாகப் பதிவு இருக்கிறதா. மூன்றில் ஒன்றும் இல்லாத வட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கடையிலேயே விட்டுவிடுங்கள்.